கருவில் முதலில் உருவாவது எது? ஆயுர்வேதத்தின் ஒரு பழைய விவாதம்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்திக்கிட்டே இருக்கு, நீங்களும் பார்த்திருப்பீங்க. “ஸ்கேன் இல்லாத காலத்திலேயே நம்ம முன்னோர்கள் கரு வளர்ச்சியை மாசவாரியா எழுதி வச்சுட்டாங்க” அப்படின்னு. நம்ம நேயர்கள் சிலரும் இது உண்மையான்னு கேட்டிருந்தாங்க. பாதி உண்மைதான். மீதிப் பாதியில என்ன இருக்குன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

சரக சம்ஹிதை, சுஸ்ருத சம்ஹிதை ரெண்டுமே பல கைகள் பட்டு, பல நூற்றாண்டுகளில் உருவான நூல்கள். இரண்டிலும் ‘சாரீர ஸ்தானம்’னு உடலைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. கரு பற்றிய பேச்சு அங்கேதான் வருது.

சுஸ்ருதம் சொல்ற கணக்கு இது. முதல் மாசம் கரு ‘கலலம்’, அதாவது குழகுழப்பான ஒரு நிலை. இரண்டாம் மாசம் கெட்டிப்படுது. மூன்றாம் மாசம் கை, கால், தலைன்னு ஐந்து முளைகள் தெரியும். நான்காம் மாசம் இதயம் தெளிவாகி, அதோட உணர்வும் வருது. அதனாலதான் அப்போ தாய்க்கு ரெண்டு இதயம்னு சொல்லி, அந்த நிலைக்கு ‘தௌஹ்ருதம்’னு பேர் வச்சாங்க. மசக்கை ஆசை குழந்தையோட இதயத்திலிருந்து வர்ற ஆசை, அதை மறுத்தா குழந்தைக்கு ஊனம் வரும்னும் எழுதியிருக்காங்க. சரகமோ இதை மூன்றாம் மாசத்திலேயே சொல்லிடுது. ஆக, ரெண்டு நூலுக்கும் மாசக் கணக்கே ஒத்துப் போகலை.

இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சபடி, கருத்தரிச்ச மூன்று நான்கு வாரத்திலேயே இதயம் துடிக்க ஆரம்பிச்சிடுது. கை கால் முளைகளும் நான்காவது வாரத்தையொட்டி வந்துடுது. கலைஞ்ச கருக்களைப் பார்த்துத்தான் அந்தக் கால வைத்தியர்கள் இதை எழுதியிருக்கணும்னு நான் நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிஞ்ச அளவுக்குப் பார்த்திருக்காங்க, தெரியாததை யோசிச்சு நிரப்பியிருக்காங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் வேற. சரகத்தின் சாரீர ஸ்தானம் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கேள்வி வருது: கருவில் முதலில் உருவாகிற உறுப்பு எது? தலைதான், புலன்களுக்கெல்லாம் இருப்பிடம் அதுதானேங்கிறார் குமாரசிரஸ் பரத்வாஜர். இதயம்தான், உணர்வு அங்கேதான் இருக்குங்கிறார் பாஹ்லிக நாட்டு வைத்தியர் காங்காயனர். பத்ரகாப்யருக்கு அது தொப்புள், ஏன்னா உணவு அந்த வழியாத்தான் போகுது. கை கால்தான்னு ஒருத்தர், புலன்கள்தான்னு விதேக நாட்டு ஜனகர். எல்லார்கிட்டயும் ஒரு காரணம் இருக்கு. யாரும் சும்மா சொல்லலை.

மாரீசி காச்யபர் மட்டும் வேற பதில் சொல்றார். இது கண்ணுக்கு எட்டாத விஷயம், அதனால யோசிச்சு முடிவு பண்ண முடியாதுங்கிறார்.

கடைசியில் ஆத்ரேயர் தன்வந்தரியோட கருத்தை ஏத்துக்கிறார்: எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் உருவாகுது. சுஸ்ருதத்திலும் இதே முடிவுதான், அங்கே மாம்பழத்தையும் மூங்கில் குருத்தையும் உதாரணம் காட்றாங்க. பழுத்த மாம்பழத்தில் நார், சதை, கொட்டை, பருப்பு எல்லாம் தனித்தனியாத் தெரியும். பிஞ்சில் தெரியாது. அங்கேயும் அதெல்லாம் இருக்கு, ரொம்ப நுண்மையா இருக்கறதால தெரியலை.

அழகான உதாரணம்தான், ஆனா முடிவு தப்பு. உறுப்புகள் ஒன்றன் பின் ஒன்றாத்தான் உருவாகுது. இதே சண்டை ஐரோப்பாவிலும் நடந்தது. கோழி முட்டைகளைப் பார்த்த அரிஸ்டாட்டில், இதயம்தான் முதல்ல வருதுன்னார். 1651-ல் வில்லியம் ஹார்வி, உறுப்புகள் படிப்படியா உருவாகுதுன்னு எழுதினார். அதுக்கப்புறமும் விந்துக்குள்ளேயோ முட்டைக்குள்ளேயோ குட்டி உருவம் முழுசா இருக்குன்னு நம்பினவங்க அங்கே நிறைய. பாலூட்டிகளின் சினைமுட்டையை வான் பேயர் கண்டுபிடிச்சதே 1827-லதான். நுண்ணோக்கி இல்லாத சபையில் காச்யபர் சொன்னதுதான் இருந்ததிலேயே நேர்மையான பதில். அந்த விவாதத்தில் அவர் தோத்துட்டார். ஆனாலும் அவர் சொன்னதை அழிக்காம, மத்தவங்க கருத்தோடேயே நூலில் சேர்த்து வச்சிருக்காங்க. பெருமைப்படணும்னா நான் இதுக்குத்தான் பெருமைப்படுவேன்.

எல்லாம் முன்னாடியே தெரியும்னு சொல்றதில ஒரு ஆபத்து இருக்கு. எட்டாம் மாசம் ‘ஓஜஸ்’ தாய்க்கும் சேய்க்கும் நடுவுல போய் வந்துக்கிட்டிருக்கும், அதனால அப்போ பிறந்த பிள்ளை பிழைக்காதுன்னு இந்த நூல்கள் சொல்லுது. ஏழுல பிறந்தா தங்கும், எட்டுல பிறந்தா தங்காதுன்னு நம்ம ஊர்லயும் பெரியவங்க சொல்லுவாங்க. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை உண்டு. உண்மையில் வயித்துல கூடுதலா இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நல்லதுதான். ஏழைவிட எட்டுல பிறக்கிற குழந்தைக்குத்தான் பிழைக்கிற வாய்ப்பு அதிகம்.

இன்னொன்னு, ‘பும்சவனம்’. கரு ஆணாப் பிறக்க என்ன செய்யணும்னு சரகம் முறைகள் சொல்லுது. அதை நம்பி ஆண் பிள்ளைக்கு மருந்து விற்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க. கருவில் பாலினம் பார்க்கிறதைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்த நாடு இது. பழைய நூல்ல இருக்குன்னு ஒருத்தர் மருந்தோட வந்தா, வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுதான் அதைக் குடிச்சாகணும்.

அதனால அந்தச் செய்தி அடுத்த தடவை உங்க போனுக்கு வந்தா, அனுப்பினவங்களுக்கு காச்யபர் கதையைச் சொல்லுங்க. ‘இது எனக்குத் தெரியாது’ன்னு சபையில் சொன்ன ஒரு ஆளும் நம்ம முன்னோர்தான்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.