மதராஸ் படையில் அதிகாரியும் சிப்பாயும்: போர்முனை ஆணையும் விலகும் வழிகளும்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் மதராஸ் படை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் உருப்பெற்றது. போர்முனைக்குப் புறப்படும்படி ஆணை வந்தால், அதைத் தள்ளிப்போடவோ அதிலிருந்து விலகவோ வெள்ளை அதிகாரிக்குப் பல வழிகள் இருந்தன. நாட்டுச் சிப்பாய்க்கு இருந்தவை இரண்டே: ஓடிப்போவது, மறுத்து நிற்பது. இரண்டும் குற்றம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி, கொசஸ்தலை ஆற்றங்கரை, பேரம்பாக்கம் வழியாக 1780இல் நகர்ந்த படையின் கதை இந்த ஏற்றத்தாழ்வுக்கு விரிவாகப் பதிவான சான்று.

அதற்கு முந்தைய காலம் பற்றிய செய்திகள் குறைவு. 1762இல் சென்னையிலிருந்து மணிலாவுக்குக் கப்பலேறிய படையில் சிப்பாய்களும் இருந்தனர். அவர்களில் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் மணிலாவை அடுத்த கைந்தா ஊரில் வாழ்வதாக அங்கே நம்பப்படுகிறது.

பிரிட்டிஷ் மன்னர் படையில் அதிகாரிப் பதவி விலைக்குக் கிடைத்தது; 1871இல்தான் இம்முறை ஒழிந்தது. இந்தியாவுக்குப் போக விரும்பாத அதிகாரி, பதவியை விற்றுவிட்டு வெளியேறலாம். பணம் கொடுத்து வேறு ரெஜிமென்ட்காரரோடு இடம் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். கும்பினி அதிகாரிகளுக்கு 1796இன் சீர்திருத்தம் சம்பளத்துடன் நீண்ட விடுப்பும் ஓய்வூதியமும் அளித்தது. உடல்நலம் கெட்டவர்கள் மருத்துவச் சான்றுடன் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினர். மாதம் 7 ரூபாய் பெற்ற சிப்பாய்க்கு விற்கப் பதவியும் இல்லை, மாற்றிக்கொள்ள ரெஜிமென்ட்டும் இல்லை.

1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பெரும்படையுடன், ஆற்காட்டு நவாபின் நாடாகிய அன்றைய கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். குண்டூர்ப் பக்கம் இருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படை தெற்கே வந்து காஞ்சிபுரத்தில் ஜெனரல் ஹெக்டர் மன்றோவுடன் சேர வேண்டும் என முடிவாயிற்று. ஏறக்குறைய 2,800 பேர் கொண்ட அப்படையில் மிகப் பெரும்பாலோர் சிப்பாய்கள். கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆகஸ்ட் 25 அன்று அவர்கள் கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தபோது ஆற்றில் தண்ணீர் மிகக் குறைவு. அன்றே கடக்காமல் பெய்லி கரையில் கூடாரம் அடித்தார். இரவில் மேற்கே பெய்த மழை ஆற்றை நிரப்பியது. படை செப்டம்பர் 3 வரை அங்கேயே கிடந்தது. அந்த ஒரு மாலை முடிவைப் பெய்லியின் பெரும்பிழை என்பாரும் உண்டு. நேரே சென்னைக்கு அழைக்காமல் காஞ்சிபுரத்துக்குத் திருப்பிவிட்டவர்களே பொறுப்பு என்பாரும் உண்டு. ஆற்றை அன்றே கடந்திருந்தால் போரின் போக்கே மாறியிருக்குமா என்பது இன்றும் வாதத்துக்குரியது.

செப்டம்பர் 6இல் பேரம்பாக்கம் அருகே ஹைதரின் மகன் திப்பு தாக்கினார். மன்றோ காஞ்சிபுரத்தை விட்டு நகராமல் கர்னல் ஃபிளெட்சருடன் சுமார் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, படை அழிந்தது. ஆங்கிலேய வரலாறுகள் 86 அதிகாரிகளில் 36 பேர் மாண்டதாகத் தலை எண்ணிச் சொல்கின்றன. சிப்பாய்களின் இழப்போ அவற்றில் மொத்தக் கணக்காகவே வருகிறது. புள்ளலூரில் இன்றும் நிற்கும் இரு தூண்கள், 1781 ஆகஸ்டில் அதே களத்தில் நடந்த அடுத்த போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு உரியவை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்தபடி இருக்கிறார். சுற்றிலும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் ஒரே முகவார்ப்பில் வரிசையாக நிற்கிறார்கள்.

உயிர்தப்பிப் பிடிபட்டவர்களின் நிலை மைசூர்ச் சிறையிலும் ஒன்றல்ல. அதிகாரிகள் விலங்கிடப்பட்டு வருந்தினர். பெய்லி 1782இல் சிறையிலேயே இறந்தார். எனினும் உயிருடன் இருந்தோருக்கு மீட்பு உண்டு என்ற நம்பிக்கை இருந்தது; 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை அதை நிறைவேற்றியது. சிறைக் குறிப்பு எழுதியவர்களும் அவர்களே. பிடிபட்ட சிப்பாய்கள்முன் வைக்கப்பட்டது மைசூர்ப் படையில் சேர்வது அல்லது கடும் உடலுழைப்பு. சேர மறுத்தவர்கள் பலர். விடுதலையாகிச் சென்னைக்கு நடந்த வழியில், ஒரு குளத்தின் இருபுறமும் பிரித்துத் தங்கவைக்கப்பட்டபோது, சிப்பாய்கள் இரவில் நீந்திச் சென்று தம் அதிகாரிகளைப் பார்த்ததாக வரலாற்றாசிரியர் வில்க்ஸ் எழுதுகிறார். சிப்பாயின் விசுவாசத்தைப் போற்றச் சொன்ன கதைதான். ஆனாலும் கைதிகளின் கதைகளில் மறக்க முடியாதது இது.

புள்ளலூர்த் தோல்விக்குப் பின் விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ஆள் கேட்கப்பட்டது. 1780 அக்டோபர் 3 அன்று அங்கிருந்த சிப்பாய்கள் கப்பலேற மறுத்தனர். வெள்ளையர் சிலர் கொல்லப்பட்டனர். தலைமை தாங்கிய சுபேதார் பின்னர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டதாகத் தெரிகிறது.

இதனருகே 1809ஐ வைத்துப் பார்க்க வேண்டும். மசூலிப்பட்டினத்தில் இருந்த ஐரோப்பிய ரெஜிமென்ட்டிலிருந்து போர்க்கப்பல் பணிக்கு ஆள் அனுப்பும் ஆணை வந்தபோது அதிகாரிகளே கலகம் செய்தனர். கூடாரப்படி ரத்தானதால் மூண்ட மனக்கசப்பு அதற்கு முன்பே இருந்தது. ஆளுநர் பார்லோ விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டார். மறுத்தவர்கள் படையை விட்டு நீங்கிக் கடற்கரை ஊர்களில் போய்த் தங்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கலக அதிகாரிகளுக்குத் துணையாகச் சித்திரதுர்க்கத்திலிருந்து அணிவகுத்து வந்த சிப்பாய்கள் வழியில் தாக்கப்பட்டு மாண்டனர். தலைமை ஆளுநர் மின்டோ செப்டம்பரில் சென்னை வந்து, 21 பேர் நீங்கலாக அதிகாரிகளுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். நீக்கப்பட்ட சிலர் பின்னர் பதவியும் திரும்பப் பெற்றனர்.

1824இல் பர்மாப் போருக்கு மதராஸ் சிப்பாய்கள் ரங்கூனுக்குக் கப்பலேறினர். அவ்வாண்டு நவம்பரில் வங்காளப் படையின் 47ஆம் ரெஜிமென்ட் பாரக்பூரில் அதே போருக்குப் புறப்பட மறுத்துப் பீரங்கிக்கு இரையாயிற்று. சிறைப்பட்டோரிடையே அதே வேறுபாடு முதல் உலகப் போரிலும் தெரிந்தது: 1916இல் இன்றைய இராக்கிலுள்ள கூட் நகரம் துருக்கியரிடம் வீழ்ந்தபின் பிரிட்டிஷ் இந்தியப் படைத்தலைவர் டவுன்செண்ட் இஸ்தான்புல் அருகே தீவு மாளிகையில் வைக்கப்பட, சாதாரண வீரர்கள் பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டனர்.

விடுதலைக்குப் பின் வந்த 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, போர்ப்பணியில் ஓடிப்போவோர் யாராயினும் மரண தண்டனை வரை விதிக்க இடம் தருகிறது. விசாரணை முறை வேறு: சிப்பாயைச் சுருக்க ராணுவ நீதிமன்றத்தில் அவருடைய சொந்தப் படைப்பிரிவின் தலைவரே விசாரித்து ஓராண்டு வரை சிறையிடலாம், அதிகாரியை அந்த மன்றத்தில் நிறுத்த முடியாது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சிப்பாய்ப் பணி 4 ஆண்டு. சேர்பவர்களில் 25 விழுக்காடு வரையே அதன்பின் நிலைநிறுத்தப்படுவர். அதிகாரிகளுக்கு இத்திட்டம் பொருந்தாது.