பார்சல் எப்போது வரும்?

கைப்பேசியில் ஒரு புத்தகத்துக்கு ஆர்டர் கொடுக்கிறீர்கள். 'வியாழக்கிழமை கிடைக்கும்' என்று திரையில் செய்தி வருகிறது. வியாழன் மாலை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். புத்தகம் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை வந்து சேருகிறது. ஒரே ஒரு நாள் தாமதம்தான். ஆனாலும் உங்கள் மனத்தில் ஓர் எரிச்சல் இருக்கிறதல்லவா?

அதே புத்தகம் 'சனிக்கிழமை கிடைக்கும்' என்று சொல்லப்பட்டு, வெள்ளிக்கிழமை வந்திருந்தால்? மகிழ்ந்திருப்பீர்கள். புத்தகம் ஒன்றுதான், அது வந்த நாளும் ஒன்றுதான். கொடுத்த வாக்கு மட்டுமே வேறு!

வாங்குபவர் எதிர்பார்ப்பது வேகத்தையா, அல்லது தவறாத சொல்லையா? தொலைவிலிருந்து பொருள் வரவழைக்கும் வணிகம் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு போராடி வருகிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

முகம் தெரியாத கடைக்காரர்

1871 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்ற இளைஞர் தொழில் தொடங்குவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சரக்கும் அதில் அழிந்தது. அவர் மனம் தளரவில்லை. 1872-இல் ஒரே தாளில் 163 பொருள்களின் விலையை அச்சிட்டு, கிராமப்புற உழவர்களுக்கு அனுப்பினார். உள்ளூர்க் கடைகளில் இடைத்தரகர்களின் இலாபமும் சேர்ந்து விலை ஏறியிருந்த காலம் அது. நகரத்திலிருந்து நேரே வாங்கினால் மலிவு என்பதை உழவர்கள் உடனே புரிந்துகொண்டனர்.

ஆனால் ஓர் அச்சம் இருந்தது. கடைக்காரரின் முகம் தெரியாது. பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. அனுப்பிய பணத்துக்குப் பொருள் வருமா, வந்தாலும் சொன்னபடி இருக்குமா? வார்டின் விலை மலிவைக் கண்டு சிகாகோ நாளிதழ் ஒன்று 1873-இல் அதை மோசடி என்றே எழுதிவிட்டது. பிறகு மறுப்பு வெளியிட நேர்ந்தது.

இந்த அச்சத்துக்கு வார்டு கண்ட மருந்து ஒரு வாக்குறுதி. பொருள் மனத்துக்குப் பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக 1875-இல் அறிவித்தார். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சொல் அன்று புதுமையானது. 'காத்திருப்பதனால் வரும் நட்டம் உன்னுடையது அல்ல, என்னுடையது' என்று விற்பவர் ஏற்றுக்கொண்ட தொடக்கம் அது எனலாம்.

பதினைந்து நிமிடக் கெடு

வார்டுக்குப் போட்டியாக வந்தவர் ரிச்சர்டு சியர்ஸ். மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய இரயில் நிலையத்தில் அலுவலராக இருந்தவர். 1886-இல் அவ்வூர்க் கடைக்காரர் ஒருவர் வாங்க மறுத்த கைக்கடிகாரப் பெட்டியை—அந்தக் காலத்தில் சட்டைப் பையில் வைக்கும் கடிகாரங்கள்தாம்—தாமே எடுத்து விற்று இலாபம் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததே 'சியர்ஸ், ரோபக்' நிறுவனம்.

சியர்ஸ் விளம்பரம் எழுதுவதில் வல்லவர். அவருடைய சொல்லில் மயங்கி ஆர்டர்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. ஆனால் அவற்றைப் பிரித்து, பொருளைத் தேடி எடுத்து, கட்டி அனுப்பும் ஏற்பாடு அந்த வேகத்துக்கு வளரவில்லை. தாமதமும் குழப்பமும் பெருகின. ஒரே ஆர்டருக்குப் பொருள் இருமுறை போனதும் உண்டு. வாய் கொடுத்த வாக்கைக் கை நிறைவேற்ற முடியவில்லை.

1906-இல் சிகாகோவில் திறக்கப்பட்ட சியர்ஸின் புதிய கட்டடத்தில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. ஆட்டோ டோரிங் என்ற மேலாளர் வகுத்த முறை இது. ஓர் ஆர்டர் வந்தவுடனேயே, அது எந்த நேரத்தில் கட்டப்பட வேண்டும் என்று குறித்துவிடுவார்கள். அந்த ஆர்டரில் சட்டை, சுத்தியல், விளக்கு என்று மூன்று பொருள்கள் இருந்தால், மூன்று பிரிவுகளும் தத்தம் பொருளை அந்தக் குறித்த 15 நிமிடத்துக்குள் ஒரே பெட்டியில் சேர்க்க வேண்டும். சறுக்குப் பாதைகளும், நகரும் பட்டைகளும், காற்றழுத்தக் குழாய்களும் பொருள்களையும் காகிதங்களையும் கொண்டு சேர்த்தன.

ஒரு பிரிவு தவறினால் என்ன ஆகும்? மற்றப் பொருள்கள் காத்திராமல் புறப்பட்டுவிடும். விடுபட்ட பொருளைத் தனியே அனுப்பும் செலவு தவறிய பிரிவின் கணக்கில் எழுதப்படும்! தாமதத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யார் தருவது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்.

வீட்டு வாசல் வரை

பொருள் கிடங்கிலிருந்து புறப்பட்டால் போதுமா? வீடு வந்து சேர வேண்டுமே! அமெரிக்கக் கிராமங்களில் வீடு தேடிக் கடிதம் கொண்டுபோகும் முறை 1896-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் உழவர் அஞ்சலகத்துக்கே வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். 4 பவுண்டுக்கு மேற்பட்ட பார்சலை அஞ்சல் துறை ஏற்கவில்லை. அவை தனியார் நிறுவனங்கள் வழியாகவே சென்றன. 1913 ஜனவரி 1 முதல் அரசின் பார்சல் அஞ்சல் நடைமுறைக்கு வந்த பிறகே, கடை வாசலும் வீட்டு வாசலும் நேரடியாக இணைந்தன.

நம் நாட்டில் வேறொரு வழி அதற்கும் முன்பே பிறந்திருந்தது. இந்திய அஞ்சல் துறை 1877-இல் தொடங்கிய வி.பி.பி. முறைதான் அது. நூல்களையும் மருந்துகளையும் பல தலைமுறைத் தமிழர்கள் இப்படித்தான் வரவழைத்தார்கள். தபால்காரர் பார்சலுடன் வருவார். பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வீர்கள். அந்தப் பணம் அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். பார்சல் தாமதமானாலும் உங்கள் பணம் உங்கள் கையிலேயே இருக்கும். பிளிப்கார்ட் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த 'பொருளைப் பெறும்போது பணம்' என்ற முறை இந்தப் பழைய மரத்தின் புதிய கிளைதான்.

மௌனம் சம்மதமா?

பணத்தை முன்னரே அனுப்பும் நாடுகளில் தொல்லை நீடித்தது. பணத்தைப் பெற்றுக்கொண்டு வாரக்கணக்கில் பதிலே தராத நிறுவனங்கள் மீது புகார்கள் பெருகவே, அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1975-இல் ஒரு விதியை வகுத்தது. அது கூறுவது இதுதான்: விளம்பரத்தில் சொன்ன காலத்துக்குள் பொருளை அனுப்ப வேண்டும், காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாதென்று தெரிந்தால் வாங்குபவருக்கு அறிவித்து, 'காத்திருக்கிறீர்களா, அல்லது பணத்தைத் திருப்பித் தரட்டுமா?' என்று கேட்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பமான பகுதி உண்டு. வாங்குபவர் பதில் எழுதாவிட்டால்? முதல் தாமதம் 30 நாள் அல்லது அதற்குள் என்றால், மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். தாமதம் அதற்கும் மேல் என்றாலோ, எப்போது வரும் என்றே தெரியாது என்றாலோ, மௌனம் மறுப்பாகக் கொள்ளப்பட்டுப் பணம் திரும்ப வேண்டும். அதாவது, இந்த விதி தாமதத்தைத் தடை செய்யவில்லை. சொல்லாமல் தாமதிப்பதைத் தடை செய்தது.

செய்தியும் ஒரு சரக்கு

1973 ஏப்ரல் 17 இரவு, மெம்பிஸ் நகரத்தை மையமாகக் கொண்டு பெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 14 சிறு விமானங்களுடன் பணி தொடங்கியது. 25 நகரங்களுக்கு அன்று அனுப்பப்பட்டவை 186 பார்சல்கள்தாம். மறுநாளே பார்சல் சேரும் என்பது அதன் வாக்குறுதி. ஆனால், பார்சலைப் போலவே பார்சலைப் பற்றிய செய்தியும் முக்கியம் என்பதை அந்நிறுவனம் விரைவில் உணர்ந்தது. 1979-இல் பார்சல்களையும் வண்டிகளையும் பற்றிய செய்திகளை ஒரே கணிப்பொறி அமைப்பில் திரட்டியது. 1994-இல் வாடிக்கையாளரே இணையத்தில் தம் பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வழி செய்தது.

இதனால் பார்சல் விரைந்து ஓடிவிடுமா? ஓடாது. பிறகு ஏன் நாம் அடிக்கடி பார்க்கிறோம்? 1985-இல் டேவிட் மெயிஸ்டர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் காத்திருப்பின் உளவியலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, சொல்லப்பட்டதைவிட நீண்டதாகத் தோன்றும் என்று அவர் எடுத்துக்காட்டினார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற யாருக்கும் இது புரியும். 'இன்னும் இருபது நிமிடம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், நாம் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். எதுவும் தெரியாவிட்டால் ஐந்து நிமிடமும் நரகமே!

பண்டிகைக் காலத்துக் கணக்கு

1999 கிறிஸ்துமஸ். இணையக் கடைகள் அமெரிக்காவில் புதிதாகப் பரவிய நேரம். பண்டிகைக்கு முன் பரிசுப் பொருள்கள் வந்துவிடும் என்று நம்பி ஏராளமானோர் ஆர்டர் கொடுத்தனர். பலருக்குப் பொருள்கள் குறித்த நாளில் வரவில்லை. அடுத்த ஆண்டு ஏழு நிறுவனங்கள் மொத்தம் 15 இலட்சம் டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. தாமதத்தை வாடிக்கையாளர்களுக்கு முறையாக அறிவிக்கவில்லை என்பதே முக்கியமான குற்றச்சாட்டு. கடிதக் காலத்து விதி இணையக் கடையையும் விடவில்லை.

பண்டிகையின்போது மட்டும் தாமதம் ஏன் இப்படிப் பெருகுகிறது? விடை ஒரு கணக்கில் இருக்கிறது. தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புகள் காத்திருப்பதை 1909-இல் ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் ஏ.கே. எர்லாங் இத்துறைக்கு அடித்தளமிட்டார். ஓர் எளிய எடுத்துக்காட்டு: பார்சல் கட்டும் ஒருவருக்கு ஓர் ஆர்டருக்குச் சராசரியாக 10 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். ஆர்டர்கள் ஒழுங்கின்றி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் மாறுகிறது. அவருடைய நேரத்தில் 50 விழுக்காடு வேலை இருந்தால், ஓர் ஆர்டர் தன் முறைக்காகக் காத்திருக்கும் சராசரி நேரம் 10 நிமிடம். 80 விழுக்காடானால் 40 நிமிடம். 90 விழுக்காடானால் 90 நிமிடம். 95 விழுக்காட்டில் அது 190 நிமிடமாகிவிடும்! வேலை இரு மடங்குகூட ஆகவில்லை. காத்திருப்போ 19 மடங்கு ஆகிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. பார்சல்கள் சராசரியாக நான்கு நாளில் சேருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 'நான்கு நாளில் வரும்' என்று சொல்லிவிட்டால், ஏறத்தாழ பாதிப்பேர் ஏமாற்றமடைவார்கள்! ஏனெனில் சராசரி என்பது நடுவில் நிற்பது. நூற்றில் 95 பார்சல்கள் எத்தனை நாளில் சேருகின்றன என்று பார்த்து அதைச் சொல்பவரே வாக்குத் தவறாதவர் ஆவார்.

வேகத்தின் விலை

2005-இல் அமேசான் நிறுவனம், ஆண்டுக்கு 79 டாலர் கட்டும் உறுப்பினர்களுக்கு இரண்டு நாளில் பொருள் தரும் திட்டத்தை அமெரிக்காவில் தொடங்கியது. அதன்பின் இரண்டு நாளே இயல்பான அளவாகிவிட்டது. ஒரு காலத்தில் வாரக்கணக்கில் பொறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளே தாமதம்!

வாக்குறுதியின் கெடு குறையக் குறைய, அதன் பாரம் யார் மேல் விழுகிறது? டாமினோஸ் பீட்சா நிறுவனம் 30 நிமிடத்தில் உணவு தரும் உறுதிமொழியை அமெரிக்காவில் 1993-இல் கைவிட்டது. அந்த அவசரம் சாலை விபத்துகளுக்குக் காரணமாகிறது என்று வழக்குகள் எழுந்ததே அதற்குக் காரணம். சியர்ஸின் கட்டடத்தில் தாமதத்தின் விலையை நிறுவனத்தின் ஒரு பிரிவு தந்தது. தெருவில் அந்த விலையை இரு சக்கர வண்டி ஓட்டுபவர் தன் உடலால் தர நேரலாம். நிமிடக் கணக்கில் பொருள் கேட்கும்போது இதை நாம் மறக்கலாகாது.

2020-இல் கொரோனா தொற்றின்போது உலகெங்கும் பார்சல்கள் தேங்கின. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள் போக்குவரத்தை நிறுத்தியது. காரணம் தெரிந்தபோது மக்கள் பொறுத்துக்கொள்ளவும் செய்தார்கள் என்பதை நாம் நேரிலேயே கண்டோம்.

உங்கள் கையில் இருப்பது

இந்தியாவில் 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்குத் துணை நிற்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வந்த பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தடுக்க முடியாத பேரிடர் போன்றவை காரணமானால் மட்டும் விலக்கு உண்டு. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே, திரையில் காட்டிய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்தான் உங்கள் உரிமைக்குச் சான்று.

வார்டு பணத்துக்கு உறுதி தந்தார். டோரிங் நேரத்துக்கு ஒழுங்கு தந்தார். கணிப்பொறி செய்தி தந்தது. சட்டம் இவற்றைக் கடமையாக்கியது. நான்கும் சேர்ந்தும் தாமதத்தை ஒழித்துவிடவில்லை. மழை பெய்யும், வண்டி பழுதாகும், கப்பல் சிக்கும். ஆனால் முடியாத நாளைச் சொல்லாமல் இருப்பதும், முடியாதபோது முன்கூட்டியே சொல்வதும் எவராலும் முடியக்கூடியவை. அடுத்த முறை பார்சல் தாமதமானால், 'ஏன் வரவில்லை?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'வராது என்று ஏன் முன்பே சொல்லவில்லை?' என்றும் கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.