'புட் ஆஃப்' வேறு, 'கால் ஆஃப்' வேறு

நேர்முகத் தேர்வுக்குத் தயாராக இருப்பவரின் கைப்பேசிக்கு, 'இன்டர்வியூ புட் ஆஃப்' என்று செய்தி வருகிறது. விளக்கை ஆஃப் செய்வதுபோல் தேர்வையே நிறுத்திவிட்டார்கள் என நினைத்து அவர் சும்மா இருந்துவிட்டால் வேலை கைநழுவிப் போகும். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பது. ரத்து செய்வதற்குத்தான் 'கால் ஆஃப்'. தள்ளிவைத்திருந்தால் புதிய தேதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு வினைச்சொல்லோடு ஆஃப், அப், இன், டவுன், ஓவர் போன்ற சிறு சொல் சேர்ந்து வேறொரு பொருள் தந்தால், அதை ஆங்கில இலக்கணம் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறது. இது தமிழருக்குப் புதிதல்ல. 'விட்டுக்கொடு' என்று சொல்லும்போது யாரும் விடுவதையும் கொடுப்பதையும் தனித்தனியே நினைப்பதில்லை. 'கண்டுபிடி'யும் அப்படித்தான். 'போட்டுக்கொடு' என்றால் தோட்டத்துப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். ஆங்கிலத்திலும் இரு சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாகவே மனத்தில் பதிக்க வேண்டும். பிரித்து மொழிபெயர்த்தால் பொருள் தவறிவிடும்.

அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வருபவை சில. விண்ணப்பம் 'டர்ன் டவுன்' ஆனது என்றால் நிராகரித்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு 'டர்ன் அப்' என்றால் அந்த நேரத்துக்கு வந்து சேர வேண்டும். 'ஹேண்ட் இன்' என்றால் பாரத்தை ஒப்படைப்பது; 'பே ஆஃப்' என்றால் கடனை முழுதாக அடைப்பது. புகாருக்கு 'லுக் இன்டு' செய்வதாகப் பதில் வந்தால் விசாரிப்பார்கள், அவ்வளவுதான். தீர்த்துவைப்பதாக அதில் வாக்குறுதி எதுவும் இல்லை.

கவனமாகப் படிக்க வேண்டியது 'லே ஆஃப்'. பேச்சு வழக்கில் ஆட்குறைப்பு செய்து வேலையை விட்டு நிறுத்துவதையே இது குறிக்கும். தீபகற்ப மலேசியாவின் 1980ஆம் ஆண்டு வேலை நிறுத்த, லே-ஆஃப் சலுகை விதிமுறைகளிலோ இதற்குத் தனிப் பொருள் உண்டு. வேலை கொடுத்தால்தான் சம்பளம் என்ற ஒப்பந்தத்தில் இருப்பவருக்குத் தொடர்ந்து நான்கு வாரங்களில் குறைந்தது 12 வேலை நாள்கள் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால் அது 'லே-ஆஃப்'. வேலையை விட்டு நிறுத்துவதைச் சட்டம் வேறாகச் சொல்கிறது. இரண்டுக்கும் இழப்பீடு உண்டு. விதிமுறைக்குள் வருபவர் 12 மாதங்களாவது வேலை செய்திருக்க வேண்டும். சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவு என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குக் குறைவு என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது நல்லதல்ல. தொழிலாளர் இலாகாவில் காட்டிக் கேட்கலாம்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது 'இட்', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர்களில். 'டர்ன் இட் டவுன்' சரி, 'டர்ன் டவுன் இட்' தவறு. பிரதிப்பெயர் நடுவில் வர வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க முடியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் சொல்ல வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சொல்லை மட்டும் குறிக்காமல் முழு வாக்கியமாக எழுதிப் படித்தால், எது எங்கே வரும் என்பது பழகிவிடும்.

வீட்டுப் பேச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'லைட்டை ஆஃப் பண்ணு' என்று தமிழில் சொல்லிப் பழகியவர், ஆங்கிலத்தில் 'ஆஃப் தி லைட்' என்கிறார். மலாயில் 'பூக்கா லம்பு' என்பவர் 'ஓப்பன் தி லைட்' என்கிறார். கடைத்தெருவில் இரண்டும் புரியும். எஸ்பிஎம் தாளில் 'டர்ன் ஆஃப்', 'டர்ன் ஆன்' என்று எழுத வேண்டும். 'ஃபில் அப் தி ஃபார்ம்' என்பதும் இங்கே சகஜம். பாரத்துக்கு 'ஃபில் இன்' அல்லது 'ஃபில் அவுட்' எழுதுவது பாதுகாப்பு. பெட்ரோல் டாங்கிக்கு 'ஃபில் அப்' போதும்.