வாஷிட்டா நதியின் சிற்றணைகள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா ராஜ்யத்தில், 1934-ஆம் வருஷம் வாஷிட்டா நதி ஹாமன் என்னும் சிற்றூரில் உயிர்களை வாரிக்கொண்டு போன துயரத்துக்குப் பின், வெள்ளத்தை அது பிறக்கும் ஓடைகளிலேயே தடுக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, 1944-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஆதரவோடு, 1948-இல் கார்டெல் ஊரருகே கிளவுட் க்ரீக் ஓடையில் முதல் மண்ணணையாக உருக்கொண்டது. பின்னர் தேசமெங்கும் எழுந்த 11,000-க்கு மேற்பட்ட இத்தகைய அணைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிர்ணயித்த ஆயுள் 50 வருஷமே. வண்டல் படிந்து தேக்கம் தூர்ந்துபோவதைக் காட்டிலும், கரையினூடே செல்லும் உலோகக் குழாய் துருப்பிடித்து, அதையொட்டி மண் மெல்லக் கரைந்தொழுகுவதே பெரிய அபாயம் என்பேன். கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வதல்லவா அது! வயல்களைக் காக்கவென்று கட்டிய கரைகள் பலவற்றின் கீழே இன்று வீடுகளும் எழுந்துவிட்டன. புனருத்தாரணத்துக்கென 2000-இல் தனிச் சட்டம் பிறந்தது. ஆயினும் கரையில் மரம் வேரூன்றாமல் காப்பதும் வளைகளை அடைப்பதும் பெரும்பாலும் உள்ளூர்ச் சபைகளின் பொறுப்பாகவே இருந்து வருகின்றன.