மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில் ஒரு பிள்ளைக்குப் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இடம் கிடைத்தால், “கெம்பஸ் கெடைச்சிருச்சு” என்ற சேதி பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். அந்தக் கெம்பஸுக்கு இன்னொரு பெயரான ‘யுனிவர்சிட்டி’ என்ற சொல் பிறந்த கதை மலையகத்தாருக்கு மிக நெருக்கமானது.

‘யுனிவர்சிட்டாஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு முதலில் கல்வியோடு தொடர்பே இல்லை. ஒன்றாகத் திரண்டு, சட்டத்தின் முன் ஓராளாக நிற்கும் கூட்டத்துக்கு அது பெயர். கைவினைஞர் சங்கங்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். படிக்கும் இடத்துக்கு ‘ஸ்டூடியம்’ என்ற வேறு சொல் இருந்தது.

12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞா நகரத்துக்குச் சட்டம் படிக்கப் பல தேசத்து மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்நகரச் சட்டம் காத்தது நகரத்துக் குடிமக்களை மட்டுமே. ஒரு ஜெர்மானியன் கடனைக் கட்டாமல் போய்விட்டால், அதை இன்னொரு ஜெர்மானியனிடம் வசூலிக்கும் வழக்கம்கூட அன்று இருந்தது. பேரரசர் பார்பரோசா அதைத் தடுத்து ஆணையிட்டார். ஆனாலும் வாடகை, விலைவாசி, நகரசபையின் கெடுபிடி எல்லாவற்றையும் மாணவர்கள் தாங்களேதான் சமாளிக்க வேண்டியிருந்தது. ஆகவே சங்கம் வைத்தார்கள். இத்தாலியர்களுக்கு ஒன்று, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. பொலோஞாவில் பிறந்தவனுக்கு அவற்றில் முழு உறுப்புரிமை கிடையாது. அவனுக்குத்தான் குடியுரிமை இருக்கிறதே! பேராசிரியர்கள் அந்தச் சங்கத் தலைவர்களுக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்தார்கள். நேரம் தவறி வந்தால் அபராதம் கட்டினார்கள்.

குடியுரிமை இல்லாதவர்கள் கட்டிய சங்கம்தான் முதல் யுனிவர்சிட்டிகளில் ஒன்று என்பதை மலையகத்தில் நின்று படிக்கும்போது மனம் கொந்தளிக்கிறது. 1947 தேர்தலில் மலையகத்தாரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் நாடாளுமன்ற இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவர் உட்கார்ந்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். நாடற்றவர் என்ற அவலத்தைச் சட்டம் தீர்த்து முடிக்க 2003 வரை ஆயிற்று.

அதற்கெல்லாம் முன்பே மலையகத்தார் தங்கள் சங்கத்தைக் கண்டிருந்தார்கள். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாக்கித் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் நடுவே பாடியே சங்கம் வளர்த்தார். அன்று தோட்டத் துரை வேலையை நிறுத்தினால் லயத்து அறையும் சேர்ந்தே போகும். தனியாளாய் எதிர்த்து நிற்க முடியாது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் உயிர் கொடுத்ததும் தொழிலாளர் போராட்டமொன்றில்தான்.

ஒரு பெரிய வேறுபாட்டை மறைக்கக்கூடாது. பொலோஞா மாணவர்களில் பலர் வசதியுள்ளவர்கள். ஊரைவிட்டுப் போவோம் என்று மிரட்டினால் நகரம் பயந்தது. 1222இல் ஒரு கூட்டம் உண்மையிலேயே வெளியேறிப் பதுவாவில் புதிய பல்கலைக்கழகம் கண்டது. நம்மவர்களோ பிள்ளைகளின் எழுத்தறிவுக்கே போராடினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று 1907இலேயே சட்டம் வந்தும், ஓரறை, ஓர் ஆசிரியர் என்பதே வெகுகாலம் நிலைமை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1970களில்தான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இத்தனைக்கும், 1952இல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோய் வைத்த பேராதனை வளாகமே, ஹந்தானை மலையடியில் நியூ பேராதனைத் தோட்டமாக இருந்த நிலம்!

மலையகத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது, அது நியாயமானது. பேச்சு பெரும்பாலும் காணி எங்கே, கட்டடம் எப்போது என்பதில் நின்றுவிடுவதுதான் கவலை தருகிறது. பொலோஞாவில் தொடக்கத்தில் சொந்தக் கட்டடமே கிடையாது. ஆசிரியர் வீட்டிலும் வாடகை மண்டபத்திலும்தான் பாடம் நடந்தது. கட்டடத்துக்கு முன்பே வேண்டியது ஆசிரியர்; ஆனால் நுவரெலியா மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கு ஆசிரியர் போதவில்லை. அந்த ஆசிரியர்களைக் கேட்டுச் சங்கங்கள் இந்த ஆண்டே குரல் எழுப்ப வேண்டும்.