அடையாற்றங்கரைத் தொழில்கள்

சென்னையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களிற் பெரும்பாலோர், 1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலோரத்து மணற்பரப்பில் ஒரு துண்டு நிலம் பெற்றதிலிருந்து தொடங்கி, கோட்டை, கறுப்பர் நகரம், துறைமுகம் என்று வடக்கு முகமாகவே நடந்து சென்றுவிடுகிறார்கள். அதனால் மயிலாப்பூருக்குத் தெற்கேயும் மாம்பலத்துக்கு மேற்கேயும் உள்ள பிரதேசமெல்லாம் நேற்று வரை வயலும் தோப்புமாகக் கிடந்து, கோட்டையின் தயவினால் ஊரானது என்ற எண்ணம் நம்மில் படித்தவர்களிடையேகூட வேரூன்றிப் போயிருக்கிறது. சைதாப்பேட்டைப் பாலத்தை நாள்தோறும் கடந்து போகிறவன் என்ற முறையில், அந்த எண்ணம் தவறு என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அந்தப் பாலத்தின் கீழ் ஓடும் அடையாறு கோட்டைக்கு முந்தியது என்பதை எல்லோரும் ஒப்புவார்கள். இதன் கரையில் நடந்த தொழில்களும் கோட்டைக்கு முந்தியவை என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அடையாறு பெரிய நதி அன்று. ஆதனூர் ஏரிப் பக்கத்தில் தோன்றி, திருநீர்மலைக்கருகே செம்பரம்பாக்கத்து உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு, நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகச் சுமார் 42 கிலோமீட்டர் தூரம் நடந்து கடலில் கலக்கிற சிற்றாறு. காவிரியைப் போலப் பாட்டுடைத் தலைவியாகும் பாக்கியம் இதற்கு வாய்க்கவில்லை. ஆயினும் மனிதன் தன் கையால் ஒரு பொருளைச் செய்து பிழைத்த வரலாற்றில் இந்தப் பள்ளத்தாக்குக்கு உள்ள இடம், பாரத தேசத்தின் மகாநதிகள் பலவற்றுக்கும் இல்லை. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் புட் என்ற புவியியல் அறிஞர் பல்லாவரத்துச் சரளை மண்ணிலிருந்து கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். பழங்கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு முதன்முதலாகக் கிடைத்த சாட்சி அந்தக் கல்தான். ஒரே முறையில் செதுக்கப்பட்ட கருவிகளின் தொகுதியை ஆராய்ச்சியாளர்கள் 'தொழில்' என்றே வழங்குகிறார்கள்; இவ்வகைக் கைக்கோடரித் தொழிலுக்குச் சென்னையின் பெயரையே இட்டும் அழைத்தார்கள். ஆகவே இப்பள்ளத்தாக்கின் தொழிற் சரித்திரத்தை எழுதுகிறவன் கம்பெனிக் கிடங்கிலிருந்து தொடங்காமல், ஒரு கல்லின் இரு புறமும் தட்டிக் கூர்மையாக்கிய அந்தப் பெயர் தெரியாத கையிலிருந்து தொடங்குவதே நியாயம்.

அடுத்து வந்த யுகங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். அதே பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையில் அவனுடைய விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது இன்று இஸ்லாமியப் பெருமக்களின் வழிபாட்டிடமாக விளங்குகிறது. சோழர் காலத்தில் இக்கரை ஊர்கள் பல புலியூர்க் கோட்டத்தில் அடங்கியிருந்தன. பெரிய புராணம் செய்த சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் அக்கோட்டத்து ஊரே. ஊர்ப்பெயர்களைக் கவனித்தாலே குடியேற்றத்தின் முறை விளங்கும். தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி வைக்கும் சிற்றேரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்ற பெயர்கள், நீரைத் தேக்கிய பிறகே ஜனங்கள் அங்கே நிலைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் சொல்கின்றன. கோடையில் மணலாய்க் கிடந்து கார்காலத்தில் கரைபுரளும் ஆற்றை நம்பி நெல் விளைவிக்க முடியாது என்பதை அறிந்த நம் முன்னோர், ஆற்றை அதன் போக்கில் விட்டு, ஏரிக்கு மேல் ஏரியாகக் கட்டிப் பயிர் செய்தார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் நீண்டு கிடந்த மாம்பலம் ஏரி அவ்வகை வரிசையின் கடைசிப் பெரிய கண்ணி. 1923இல் தொடங்கி அதை வற்றச் செய்து மனை பிரித்தபோது எழுந்ததுதான் ஸர் பிட்டி தியாகராயர் பெயர் தாங்கிய தியாகராய நகர். பாண்டி பஜாரில் புடவை வாங்குகிறவர்கள் ஏரியின் நடுவில் நின்றுகொண்டுதான் விலை பேசுகிறார்கள்.

வயலுக்கு ஏரி போதும். துணிக்கு ஆறு வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தில் அடையாற்றங்கரையின் நடுக்காலச் சரித்திரம் முழுவதையும் அடக்கிவிடலாம். கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே சென்னப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் துறைமுக வசதி காரணமன்று, அப்படி ஒரு வசதியே இங்கே கிடையாது. இப்பகுதியில் நெய்த துணியும் சாயமிட்ட துணியும் மலிவாகக் கிடைத்ததே காரணம். நெசவாளர் குடியேற்றத்தில் பிற்காலத்தில் கம்பெனியார் காட்டிய அக்கறையும் இதை உறுதிப்படுத்தும். 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து செல்லும் இடத்தில் சுங்குராமச் செட்டியாரின் தோட்டத்தை எடுத்துச் சின்னத்தறிப்பேட்டை என்ற ஊரை நிறுவி, நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர், கோயிலைச் சேர்ந்தோர் ஆகியோரையே அங்கே குடியமர்த்தினார்கள். அவர்கள் திட்டமிட்டு அங்கே உண்டாக்கிய வாழ்க்கை, சைதாப்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் நெசவுக் குடும்பங்களிடையே தானாகவே வளர்ந்திருந்தது.

குழித்தறி இருந்த வீட்டில் தரையே ஆசனம். நெசவாளர் குழிக்குள் கால் விட்டு மிதிபலகையை மிதிக்க, விழுது மேலும் கீழும் ஏறியிறங்க, நாடா பாவினூடே ஓடி ஊடையைக் கொண்டு சேர்க்கும். தெருவில் விடியற்காலையிலேயே பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துக் குடும்பமே குஞ்சம் பிடித்து வாரும். இவ்வளவும் எந்த ஊரிலும் நடக்கும். ஆனால் சென்னைச் சுற்றுவட்டாரத் துணியைச் சீமைக்கு இழுத்துச் சென்றது அதன் நிறம், குறிப்பாகச் சிவப்பு. கடலோர மணற்பூமியில் விளையும் சாயவேரை, சிலர் இம்பூறல் வேர் என்றும் சொல்வார்கள், இடித்துக் காய்ச்சி எடுத்த சாயம் நூலில் ஒரே நாளில் ஏறாது. நல்லெண்ணெயையும் சாம்பற் காரத்தையும் கலந்த நீரில் நூலை ஊற வைத்துப் பிழிந்து உலர்த்துவதை நாட்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து, கடுக்காயில் தோய்த்து, படிகாரம் ஏற்றி, அதன் பிறகே சாயப்பானையில் இட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே அலச வேண்டும். அலசும் நீர் உப்புக் கலவாததாகவும் ஓடுவதாகவும் இருக்க வேண்டும். அலசியதை விரிக்க வெயில் படும் மணற்பரப்பு வேண்டும். கழிமுகத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்தமையால் கடலுப்பு ஏறாத நீரும், அகன்ற மணலும், ஆண்டில் பெரும்பாகம் வெயிலும் ஒருங்கே வாய்த்த இடம் இந்தக் கரை. சாயக்காரரும் சலவைக்காரரும் இங்கே கூடியது தற்செயலாக நேர்ந்ததென்று என்னால் நம்ப முடியவில்லை. அடையாற்றில் வண்ணாந்துறை என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம், வெள்ளாவியிலிருந்து எடுத்த துணி கல்லில் மோதும் ஓசை என் காதில் விழுகிறது.

சென்னையின் பெயரைத் தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி, 36 அங்குலச் சதுரங்களாக, எட்டு கஜம் கொண்ட பீஸ்களாகக் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரையில் சென்றது. நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையிலுள்ள சடங்குகளில் புனித வஸ்திரமாகப் போற்றினார்கள், இன்றும் போற்றுகிறார்கள். ஒரு கழிமுகத்தருகே தோய்த்த நூல் உலகத்தின் மற்றொரு கழிமுகத்தில் குழந்தைக்குப் பெயரிடும் நாளில் விரிக்கப்பட்டது என்பதைக் காட்டிலும் பெரிய கௌரவம் ஒரு கைத்தொழிலுக்கு என்ன இருக்கிறது! 1869இல் ஐரோப்பிய ரசாயன நிபுணர்கள் கரித்தாரிலிருந்து சிவப்புச் சாயத்தை ஆக்கும் வழியைக் கண்டார்கள். அதன்பின் சாயவேர் வெட்டுவோரும் அதைக் காய்ச்சுவோரும் ஒரு தலைமுறைக்குள் அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது.

துணி போக வேண்டுமானால் வழி வேண்டும். 1726இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வர்த்தகர், சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். பரங்கிமலைப் படிகளும் அவருடைய தர்மமே. மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் நாவில் மர்மலாங் என்று திரிந்து, அப்பாலம் மர்மலாங் பாலம் என வழங்கிற்று. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்தின் இடத்தில்தான் 1966இல் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது. உஸ்கானின் கொடையைக் குறித்து வைத்த பழைய கல்வெட்டு எஞ்சியிருக்கிறது. கழிமுகத்துக்கருகில் 1840இல் எல்பின்ஸ்டன் பாலம் வந்தது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்காக வந்த ஏழை ஜனங்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கச் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டிய கால்வாய், அக்காலத்துக் கவர்னர் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதியாயிற்று. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் மயிலாப்பூர் வழியே சென்ற நாட்களில், அந்தக் கால்வாயை எலும்புந்தோலுமாக நின்று வெட்டியவர்களை எத்தனை பேர் நினைத்தார்களோ. நாம் நினைக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெசவு மெலிந்தபோது அரசாங்கம் இக்கரையைப் பரிசோதனைச் சாலையாக்கியது. ஸர் வில்லியம் டெனிசன் கவர்னராயிருந்த காலத்தில் சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை ஒன்று ஏற்பட்டு, நீராவிக் கலப்பை முதலியன சீமையிலிருந்து தருவிக்கப்பட்டன. நம் உழவரின் தேவையை அறியாமல் வாங்கிய அந்த யந்திரங்களால் விளைந்த பயன் சொற்பம். ஆனால் அங்கே 1868இல் தொடங்கிய விவசாயப் பள்ளிதான் 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாகத் தழைத்திருக்கிறது.

தோல் தொழில் வேறு விதமாக வேரூன்றிற்று. 1805இலேயே தாமஸ் பாரி சாந்தோமில் தோல் பதனிடும் சாலை வைத்திருந்தார். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்த தோலே நம் நாட்டு முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற இஞ்சினீயரிங் ஆசிரியர், குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னையில் புகுத்தி, கவலை இறைக்கும் தோற்சால் தண்ணீரில் நெடுநாள் உழைக்கும்படி செய்து காட்டினார். அரசாங்கமே தொழில் நடத்துவது தகாதென்று 1910இல் லண்டனிலிருந்த இந்திய மந்திரி மார்லி பிரபு தடுத்துவிட்டார். நம் நாட்டுத் தொழில் வளர்ச்சிக்கு அது பெருங்கேடு என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்கருகே குரோம் லெதர் கம்பெனியை ஏற்படுத்தினார்; அந்தக் கம்பெனி குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. தோல் விஞ்ஞானத்துக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 1948இல் அடையாற்றங்கரையிலேயே ஸ்தாபிக்கப்பட்டதும் பொருத்தமே. ஆனால் பல்லாவரத்துத் தோல் சாலைகளின் கழிவு இந்த ஆற்றில்தான் வந்து சேர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறிட்ட தொழில், சாயக்காரருக்குச் சோறிட்ட நீரைக் கெடுத்தது.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்ததும் யாவரும் அறிந்தவை. அதற்குப் பின் கரையில் வந்த தொழில்களுக்குப் பாதையும் மின்சாரமும் போதும், ஆற்று நீர் வேண்டியிருக்கவில்லை. நீர் வேண்டாதவர்கள் ஆற்றைக் கவனிக்கவும் வேண்டியதில்லையென்று நினைத்தோம். 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடிக்கு மேல் திறந்த நீர் சைதாப்பேட்டைக் குடிசைகளையும் கோட்டூர்புரத்து மாடிகளையும் ஒரே இரவில் சூழ்ந்தபோது, ஆற்றின் பழைய அகலம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சுவரிலேயே அளந்து தெரிந்துகொண்டார்கள்.

குன்றத்தூரில் இன்னமும் பட்டுத்தறிகள் ஓடுகின்றன. ஆனால் சைதாப்பேட்டையின் தறிகளைப் பற்றி அரசாங்க அறிக்கைகளில் சில வரிகள் இருக்குமேயன்றி, அந்தக் குடும்பங்கள் தாமே எழுதி வைத்தவை எந்த நூலகத்தையும் வந்து சேர்ந்ததாக நான் காணவில்லை. இக்கரைத் தெருக்களில் பரம்பரையாக வாழும் வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் பரணில் தாத்தாவின் நாடாவோ, அச்சோ, சாயக்கணக்கு எழுதிய பழைய நோட்டோ கிடைத்தால், அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழும்பூர் மியூசியத்துக்கோ, ஆவணக் காப்பகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முன், வீட்டிலுள்ள முதியவர்களிடம் அதை யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள்.