பொருநைக் கரை அடுப்புகள்: கொடியடுப்பு முதல் எரிவாயு வரை

காற்று மாசுத் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. அதன் 19ஆம் பிரிவு மாநில அரசுக்குப் பெரிய அதிகாரம் ஒன்றைத் தருகிறது. ஒரு வட்டாரத்தைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அரசு அறிவிக்கலாம். அங்கே இன்ன எரிபொருளை எரிக்கக் கூடாது என்று தடுக்கலாம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெற்ற சாதனம் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்றும் ஆணையிடலாம். எரியக்கூடிய பொருளை எரிக்கும் எந்தக் கருவியும் 'சாதனம்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அச்சட்டமே விளக்கம் சொல்கிறது. சொல்லளவில் பார்த்தால் அம்பாசமுத்திரத்து வீட்டு மண் அடுப்பும் அதற்குள் வந்துவிடும்.

ஆனால் பொருநை என்னும் தாமிரபரணியின் படுகை அடுக்களைகளில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் அந்தப் பிரிவால் வந்ததன்று. காட்டின் எல்லை, ரேஷன் கடை, தேர்தல் வாக்குறுதி, பெண்கள் தங்கள் நேரத்தைப் பற்றிப் போட்ட கணக்கு ஆகியவையே அடுப்பை மாற்றின. அந்த வரலாற்றைத் தொடர்ந்து போனால், இன்று நல்ல அடுப்பைத் தேர்ந்தெடுக்க உதவும் ஒரு செய்தி கிடைக்கிறது. புகை இந்தப் படுகையை விட்டுப் போய்விடவில்லை. அடுக்களையிலிருந்து புறவாசலுக்கு நகர்ந்திருக்கிறது.

மண்ணும் விறகும்

நெல்லைச் சீமையின் பழைய அடுப்பு என்றால் கொடியடுப்புதான். பெரிய வாயில் விறகு எரியும். அங்கிருந்து உள்வழியாகப் போகும் அனல் பக்கத்துச் சிறு வாயான கொடியில் ஏறும். சோறு பெரிய வாயில் கொதிக்க, குழம்பு கொடியில் சூடு ஆறாமல் இருக்கும். ஒரே தீயில் இரண்டு பாத்திரம் வைக்கும் இந்த ஏற்பாட்டைப் பின்னாளில் பொறியாளர்கள் 'மேம்படுத்தப்பட்ட அடுப்பு' என்று வரைந்து கொண்டுவந்தபோது, நம் பெண்களுக்கு அதில் பாதி முன்பே தெரிந்திருந்தது. புதிதாக வந்தது புகைபோக்கிதான். கொடியடுப்பை வீட்டுப் பெண்களே களிமண் குழைத்துப் போட்டார்கள், மண்பாண்டம் வனையும் வேளாரிடமும் வாங்கினார்கள். காருகுறிச்சியில் இன்றும் மண்பாண்டத் தொழில் நடக்கிறது.

எரிபொருள் ஆற்றின் போக்கோடு மாறியது. மேற்கே பாபநாசம், களக்காடு மலையடிவாரத்தில் காட்டு விறகு. நடுவே வயற்காடுகளில் உமி, வறட்டி, தென்னை மட்டை. கிழக்கே தேரிக்காட்டுப் பக்கம் பனை மட்டை, பன்னாடை, உடைமுள். எரிபொருளுக்கு ஏற்றபடி அடுப்பும் வேறானது. உமி அடுப்பும் மரத்தூள் அடுப்பும் இறுக்கி அடைத்து மெல்ல எரிப்பவை. கும்மட்டி அடுப்புக்குக் கரி வேண்டும்.

விறகு புகைவது ஏன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் எல்லாமே அதைச் சார்ந்தது. சூடு ஏறிய விறகு முதலில் ஆவிகளைக் கக்குகிறது. அந்த ஆவிகள் போதிய காற்றோடு கலந்து, போதிய வெம்மையில் நின்றால் சுடராக எரிந்து தீர்ந்துவிடும். திறந்த அடுப்பில் குளிர்ந்த பானையின் அடி சுடரைத் தொட்டு அணைக்கிறது, பக்கத்துக் காற்று சூட்டைக் கொண்டுபோகிறது. எரியாமல் தப்பிய ஆவியும் கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும்தான் நாம் புகை என்று சொல்வது. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பாத்திரத்துக்குச் சேர்ந்தது. மிச்சம் கூரைக்குப் போனது, கண்ணுக்குப் போனது.

வீட்டைவிடப் புகை அடர்ந்த இடம் ஒன்று படுகையின் கிழக்கு ஓரத்தில் இருந்தது, இன்னும் இருக்கிறது. பதனீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் விடிலி. ஓலைக் குடிசைக்குள் மணிக்கணக்கில் தீயின் முன் இருந்து கிண்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுப்பு ஆய்வுகள் சமையலையே அளந்தன. விடிலிக்குள் போய் அளந்தவர்கள் மிகக் குறைவு. இதைக் குறையாகவே பதிவு செய்கிறேன்.

சட்டம் விலக்கிவைத்த புகை

வீட்டுப் புகையைச் சட்டம் தொடத் தயங்கியது நம் நாட்டில் மட்டுமன்று. இங்கிலாந்தின் 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் கரும்புகை கக்கும் புகைபோக்கியைத் தொல்லை என்று வகைப்படுத்தியபோது, தனியார் வீட்டுப் புகைபோக்கிக்கு வெளிப்படையாகவே விலக்குத் தந்தது. கல்கத்தாவுக்கு 1905-இலும் பம்பாய்க்கு 1912-இலும் வந்த புகைத்தொல்லைச் சட்டங்கள் ஆலை உலைகளைக் கண்காணிக்க வந்தவை. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி, ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகுதான் 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள், அங்கே எரிக்கத்தக்க எரிபொருள், விலக்கு பெற்ற அடுப்பு என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. நம் 19ஆம் பிரிவில் அதன் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

அதே 1956-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பள்ளிகளின் பின்புறம் புதிய விறகடுப்புகள் மூண்டன. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. பசி முன்னால் நின்ற காலம் அது.

இந்தியாவில் வீட்டுப் புகையை முதலில் எதிர்த்தவர்கள் கிராமத் தொண்டர்கள். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளர் தமிழரான ஜே.சி. குமரப்பா. சங்கத்தின் வார்தா இருப்பிடமான மகன்வாடியின் பெயரைத் தாங்கி வந்தது 'மகன் சூலா' என்ற புகைபோக்கி அடுப்பு. ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ்.பி. ராஜு வடிவமைத்த அடுப்பை விளக்கும் நூல் 1953-இல் சென்னையில் அச்சாயிற்று. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்பதே அவர் கனவு.

அந்தக் கனவை அரசு கையில் எடுக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1980-களின் நடுவில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002-இல் முடிவதற்குள் நாடு முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை அமைத்தது. தமிழ்நாட்டில் அதற்குப் 'புகையில்லா அடுப்பு' என்று பெயர். பெயரிலேயே ஒரு பிழை இருந்தது. அடுப்பு புகையைக் குறைக்கவில்லை, ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்பியது. தெரு நெருக்கமாக இருந்தால் அடுத்த வீட்டு ஜன்னலில் அது இறங்கும். குழாயில் கரி அடைத்துக்கொண்டால் புகை முன்புபோலவே அடுக்களைக்குத் திரும்பும். கட்டியவர் மானியம் பெற்றதும் பொறுப்பு முடிந்தது. கரி வழிக்க, உடைந்த குழாயை மாற்ற ஆள் இல்லை. பெண்கள் அடுப்பை இடித்துவிட்டுக் கொடியடுப்பையே மீண்டும் போட்டது அறியாமையால் அன்று. வாய் சிறுத்த அடுப்பில் பெரிய விறகு நுழையாது, பெரிய பானை உட்காராது.

காட்டின் விளிம்பில்

படுகையின் மேற்கு ஓரத்தில் அடுப்பை மாற்றியது புலி என்றே சொல்லலாம். களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்கள் இணைந்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆயின. தாமிரபரணியும் அதன் துணையாறுகள் பலவும் ஊற்றெடுக்கும் காடு இது. மலையடிவாரப் பெண்கள் விடியுமுன் காட்டுக்குள் போய் விறகு ஒடித்துத் தலைச்சுமையாக இறக்கி வருவார்கள். வீட்டுக்குக் கொஞ்சம், ஊருக்குள் விற்கக் கொஞ்சம். 1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஊர்தோறும் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. சுழல்நிதிக் கடன் கொடுத்து வேறு தொழில் காட்டினார்கள். சாண எரிவாயுக் கலன், புகையில்லா அடுப்பு, சமையல் எரிவாயு இணைப்பு ஆகியவற்றையும் பரப்பினார்கள்.

இதன் வரலாற்றுச் சிறப்பு எரிபொருளையும் பிழைப்பையும் சேர்த்தே பார்த்ததில் இருக்கிறது. விறகு விற்ற பெண்ணுக்கு அடுப்பு மட்டும் கொடுத்தால் அவள் வருமானம் போகும். கடனும் வேறு வேலையும் கொடுத்ததால்தான் காட்டுப் பாதையில் விறகுக்கட்டுகள் குறைந்தன. தேசிய அடுப்புத் திட்டம் தவறவிட்ட பாடம் அது.

எண்ணெயும் வாயுவும்

சிறு நகரங்களின் கதை வேறு. சுவீடனில் லின்ட்குவிஸ்ட் 1892-இல் செய்த பிரைமஸ் வகைப் பம்பு ஸ்டவ்வும் பிறகு வந்த திரி ஸ்டவ்வும் பாளையங்கோட்டை, தென்காசி வீடுகளுக்கு விறகிலிருந்து விடுதலையாக வந்தன. ரேஷன் சீமெண்ணெய் அவற்றை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது. ஸ்டவ் வெடித்தும், வெடித்ததாகச் சொல்லப்பட்டும் இறந்த பெண்கள் எத்தனை பேர் என்பது தனியாக எழுதப்பட வேண்டிய துயரம். உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் வீட்டு எரிபொருள் வழிகாட்டுதலில் சீமெண்ணெயையும் தவிர்க்கச் சொன்னது.

எரிவாயு உருளை இந்தியாவில் 1955-இலேயே பம்பாயில் விற்பனைக்கு வந்தது. இன்டேன் 1965-இல் கல்கத்தாவில் தொடங்கியது. நெடுங்காலம் அது மாதச் சம்பளக்காரரின் பொருள், பல ஆண்டுகள் பதிந்து காத்திருக்க வேண்டியது. 2006 தேர்தல் வாக்குறுதியை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு எரிவாயு அடுப்பை இலவசமாகக் கொடுத்தபோதுதான் கிராமத்து அடுக்களை மாறத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் அதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து, 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் 2015-16-இல் 73 சதவீதம், 2019-21-இல் 82.9 சதவீதம். அந்த இரண்டாவது கணக்கெடுப்பில் நாட்டின் சராசரி 58.6.

பீடி சுற்றும் ஊர்களில் இதன் பொருள் இன்னும் கூர்மையானது. முக்கூடல் போன்ற ஊர்களில் பெண்ணின் கூலி அவள் சுற்றும் பீடியின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அடுப்பு ஊதும் ஒரு மணி நேரம் அவளுக்கு நேரடி நட்டம். எரிவாயு அங்கே சுகாதார அறிவுரையால் நிலைத்ததைவிட, மிச்சமான நேரத்தால் நிலைத்தது என்பதே என் முடிவு.

அளந்தவர்களும் தரமும்

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து 2002-இல் முடிவை வெளியிட்டது. விறகு, வறட்டி எரியும் அடுக்களையில் சமைக்கும் நேரத்தில் சுவாசிக்கத்தக்க துகள் கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. பின்னர் இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில் தமிழ்நாடும் இடம்பெற்றது. எரிவாயு பெறாதவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ 70 மைக்ரோகிராம், பெற்றவர்கள் சுவாசித்தது ஏறத்தாழ 24. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை என்று 2022-இல் அறிவித்தார்கள். இதை மறைத்து எழுதுவது ஆய்வுக்கு அழகன்று. கருவுற்ற சில மாதங்களுக்குப் பின் அடுப்பை மாற்றுவது போதாது, வீடு முன்பே புகை நீங்கி இருக்க வேண்டும் என்று அதை நான் புரிந்துகொள்கிறேன்.

விறகை விட முடியாத வீட்டுக்கு என்ன அடுப்பு? இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 13152 இதற்கு அளவு சொல்கிறது. இயல்பான காற்றில் எரியும் அடுப்பு குறைந்தது 25 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குச் சேர்க்க வேண்டும். பாத்திரம் பெறும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 350 மில்லிகிராமுக்கு மேல் துகள் கூடாது. சிறு விசிறி காற்று ஊதும் அடுப்புக்கு 35 சதவீதம், 150 மில்லிகிராம். ஆக, வாங்கினால் விசிறி வைத்ததையே வாங்க வேண்டும். ஆனால் அதற்கான எரிபொருள் பக்கத்தில் கிடைக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு பிபி நிறுவனம் 2006-இல் தமிழ்நாட்டிலும் விற்ற 'ஊர்ஜா' நல்ல விசிறி அடுப்பு; ஏறத்தாழ நான்கு லட்சம் விற்றது. அது கேட்ட வேளாண்கழிவுக் குச்சியின் விலை ஏறியதும் அடுப்பு மூலைக்குப் போனது. எரிவாயு அடுப்புக்கு ஐ.எஸ். 4246 கேட்கும் திறன் 68 சதவீதம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மலிவு அடுப்பு மாதந்தோறும் உருளையைக் கூடுதலாகத் தின்னும்.

புறவாசலில் மிஞ்சியது

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை, உஜ்வலா வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே நிரப்பின என்றது. முழுச் சமையலும் எரிவாயுவில் நடந்தால் நால்வர் வீட்டுக்கு ஓர் உருளை ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் வரும். அந்த இடைவெளியில் விறகு எரிகிறது. பொங்கலன்று முற்றத்தில் மண் அடுப்புக்கட்டி கூட்டிப் பனையோலையில் பொங்கும் தீயைப் பற்றி நான் பேசவில்லை. அது ஆண்டுக்கு ஒரு நாள், எரியட்டும். நாள்தோறும் புறவாசலில் வெந்நீருக்கும் மாட்டுத் தீனிக்கும் எரியும் மூன்று கல் அடுப்பையே சொல்கிறேன். பெண்ணும் அருகில் விளையாடும் பிள்ளையும் அந்தப் புகையைத்தான் இன்று சுவாசிக்கிறார்கள்.

அதை நிறுத்த என்ன செலவாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு குடும்பத்தின் குளியலுக்கு 40 லிட்டர் நீரை 15 பாகை சூடேற்ற ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வேண்டும். பழைய அடுப்பில் அதற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் விறகு போகும். எரிவாயுவில் 80 கிராம், ஆண்டுக்கு இரண்டு உருளை. மின்சாரத்தில் நாளுக்கு 0.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 42 யூனிட். 1944 முதல் பாபநாசத்தில் மின்சாரம் தரும் ஆறு தாமிரபரணி. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குத் தமிழ்நாடு கட்டணம் கேட்பதில்லை. ஆனால் விசிறியும் விளக்கும் அதைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன. மின்சாரத்தில் சமைக்க நினைப்பவர்கள், மின்காந்த (இண்டக்சன்) அடுப்பு இரும்பு, காந்தம் ஒட்டும் எவர்சில்வர் போன்ற அடியுள்ள பாத்திரத்தை மட்டுமே ஏற்கும், மண்சட்டியையும் அலுமினியத்தையும் ஏற்காது என்பதையும் வாங்குமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

19ஆம் பிரிவை எடுத்து ஏழையின் அடுப்பை அணைக்க வேண்டாம். வெந்நீருக்கு ஆண்டுக்கு அந்த இரண்டு உருளையை, அல்லது இரண்டு மாதத்துக்கு 42 யூனிட்டை, அரசு ஏழை வீட்டுக்குச் சேர்த்துக் கொடுக்கட்டும். அடுத்த கணக்கெடுப்புக்கு வருபவர்கள் சமையல் எரிபொருளோடு வெந்நீர் எரிபொருளையும் கேட்டு எழுத வேண்டும். கேட்காவிட்டால் வீட்டுப் பெண்களே புறவாசலுக்கு அழைத்துப் போய் அந்த அடுப்பைக் காட்டுங்கள்.